பெரிய கோயிலுக்குப் பெரிய கேமரா வேணுமா?

ஊருக்கு டிக்கெட் போட்டதும் நம்ம வீடுகளில் எழும் கேள்விகளில் இதுவும் ஒன்று: “இந்தத் தடவையாவது ஒரு நல்ல கேமரா வாங்கிடலாமா?” நல்ல கேமரா என்றால் எது? கல்யாண வீட்டில் போட்டோகிராஃபர் கழுத்தில் தொங்குகிற மாதிரியா, கடையில் முதல் தட்டில் இருக்கிற சின்னதா? தஞ்சாவூர், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் என்று குடும்பத்தோடு சுற்றிய எட்டு நாளும் இரண்டு வகையும் எங்கள் கையில் இருந்தன. மச்சானிடம் இரவல் வாங்கிய கேனான் ஆர்5 என்னிடம். பன்னிரண்டு வயது மகளிடம் அவளுடைய கேனான் ஆர்50. இரண்டுமே மிரர்லெஸ்தான். அதற்கு மேல் ஒற்றுமை தேடினால் கொஞ்சம் கஷ்டம்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். ஆர்5 2020-இல் வந்தது. ஃபுல் ஃபிரேம் சென்சார், 45 மெகாபிக்சல். பேட்டரி, கார்டு சேர்த்து 738 கிராம். அதில் மாட்டியிருந்த 24-70 எஃப்/2.8 லென்ஸ் தனியாக 900 கிராம். ஆக ஒண்ணரைக் கிலோவுக்கு மேல். ஆர்50 2023-இல் வந்தது. ஏபிஎஸ்-சி சென்சார், 24 மெகாபிக்சல். கேமரா 375 கிராம், கூடவே வரும் 18-45 லென்ஸ் 130 கிராம். மொத்தம் அரைக் கிலோ. விலை? வெளிவந்தபோது அமெரிக்காவில் ஆர்5 கேமரா மட்டும் 3,899 டாலர், அந்த லென்ஸ் 2,299 டாலர். ஆர்50 லென்ஸோடு சேர்த்தே 800 டாலர்தான்.

கோயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு, காலை பதினொரு மணிக் கருங்கல்லில் நடந்து பாருங்கள், ஒரு கிலோ வித்தியாசம் என்னவென்று கழுத்து சொல்லிவிடும்.

தஞ்சாவூர்: வெளிச்சம் எந்தப் பக்கம்?

இராசராசன் 1010-இல் கட்டி முடித்த கோயில். கேரளாந்தகன் வாயில், இராசராசன் வாயில் இரண்டையும் தாண்டி உள்ளே போனால், சுமார் இருநூறு அடி உயர விமானம் முன்னால் நிற்கும். கோயில் கிழக்கு பார்த்தது. அதனால் காலையில் போனால் முன்பக்கம் முழுக்க வெயில் விழும். சாயங்காலம் அதே இடத்தில் நின்றால் சூரியன் விமானத்துக்குப் பின்னால் இருக்கும், படம் கறுத்துப்போகும். அப்போது பிராகாரத்தைச் சுற்றி மேற்குப் பக்கம் போய்விட வேண்டும். கல் பொன்னாக மாறுவது அங்கேதான். இதற்கு எந்தக் கேமராவும் தேவையில்லை, கால் இருந்தால் போதும்.

ஆர்50-இன் 18 மில்லிமீட்டர், ஃபுல் ஃபிரேம் கணக்கில் 29. என் லென்ஸ் 24 வரை விரியும். அதனால் நான் நின்ற இடத்தில் விமானம் அடங்கியது, மகள் பத்தடி பின்னால் போக வேண்டியிருந்தது. இந்த முற்றத்தில் பின்னால் போக இடத்துக்குப் பஞ்சமில்லை. பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்களை ராத்திரி மடிக்கணினியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். முழுப் படமாகப் பார்த்தால் எது யாருடையது என்று என் மனைவியால் சொல்ல முடியவில்லை. உச்சியில் இருக்கிற சிகரத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கியபோது ஆர்5 தனியாகத் தெரிந்தது. நிழலில் இருந்த சிற்பத்தை வெளிச்சமாக்கியபோதும் அப்படித்தான். பெரிய சென்சார், நிறைய பிக்சல். கொடுத்த காசு அங்கே இருக்கிறது.

ஒரு கணக்கு மட்டும் நினைவில் வையுங்கள். ஆர்50 தருவது 6000-க்கு 4000 பிக்சல். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சடித்தால் 20 அங்குல அகலப் படம். நம்ம வரவேற்பறைச் சுவருக்கு அதற்கு மேல் யாருக்கு வேணும்?

தாராசுரம்: இருட்டும் குனிதலும்

கும்பகோணத்திலிருந்து சில கிலோமீட்டர். இரண்டாம் இராசராசன் காலத்து ஐராவதேசுவரர் கோயில், 12-ஆம் நூற்றாண்டு. தஞ்சைப் பெரிய கோயில் 1987-இலேயே உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. இதுவும் கங்கைகொண்ட சோழபுரமும் 2004-இல் சேர்ந்தன. தஞ்சாவூரில் அண்ணாந்து பார்க்கணும், இங்கே குனிந்து பார்க்கணும். நாயன்மார் கதைகள் சுவரின் அடிப்பகுதியில் சின்னச் சின்னச் சிற்பங்களாக ஓடுகின்றன. யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் சிற்பமும் இங்கேதான். ஒரு பக்கத்தை மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. பிள்ளைகளைத் தானாகத் தேடிக் கண்டுபிடிக்க விடுங்கள்.

இரண்டு கேமராவிலும் பின்திரை வெளியே மடங்கித் திரும்பும். கேமராவைத் தரையோடு வைத்துவிட்டு மேலிருந்து பார்த்து எடுக்கலாம். ஆனால் இந்தக் கோயிலில் யார் நிறைய நல்ல படம் எடுத்தது என்றால், மகள்தான். அரைக் கிலோவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்தும் எழுந்தும் எடுத்துக்கொண்டே போனாள். நான் நாலாவது நாயன்மாரிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

தூண் மண்டபத்துக்குள் வந்ததும் கதை மாறியது. தொல்லியல் துறைக் கோயில்களில் முன் அனுமதி இல்லாமல் முக்காலி வைக்க முடியாது. கையில் பிடித்துத்தான் எடுக்கணும். ஆர்5-இல் கை நடுக்கத்தைச் சரிசெய்ய சென்சாரே அசைந்து கொடுக்கும். ஆர்50-இல் அந்த வசதி இல்லை, லென்ஸில் இருக்கிற அளவுதான். அதோடு 18-45 லென்ஸை முழுக்க இழுத்தால் எஃப்/6.3 ஆகிவிடும். என்னுடைய எஃப்/2.8 அதைவிட ஐந்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். மகளின் கேமரா ஐஎஸ்ஓ-வை ஏற்றி ஏற்றிச் சமாளித்தது. தூணில் இருந்த நடனப் பெண்ணின் முகத்தில் மணல் தூவின மாதிரி புள்ளிகள். என் படத்தில் உளி பட்ட கோடு வரைக்கும் தெரிந்தது. விலை உயர்ந்த கேமராவை ஏன் வாங்குகிறார்கள் என்பதற்கான பதில் அந்த மண்டபத்தில் கிடைத்தது.

கங்கைகொண்ட சோழபுரம்: மாதம் பார்த்துப் போங்கள்

இராசேந்திரன் கட்டிய கோயில். வடக்குப் பக்கம் சிவன் சண்டேசருக்குப் பூமாலை சூட்டுகிற சிற்பத்தைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். டிசம்பர் விடுமுறையில் போகிறவர்களுக்கு வடக்குச் சுவர் நாள் முழுக்க நிழல்தான், மென்மையான வெளிச்சம், முகங்கள் அழகாக வரும். ஜூன், ஜூலையில் போகிறவர்களுக்கு நிலைமை வேறு. அப்போது இந்த ஊருக்குச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். காலையிலும் மாலையிலும் வடக்குச் சுவரில் வெயில் சாய்வாக விழும், புடைப்பு எல்லாம் எடுப்பாகத் தெரியும். டிசம்பரில் மழைக்கும் தயாராக இருங்கள். ஆர்5-இல் மழைத்துளி, தூசி உள்ளே போகாமல் தடுக்க ரப்பர் அடைப்புகள் உண்டு. ஆர்50-க்கு ஒரு பிளாஸ்டிக் பையும் துண்டும் போதும். எந்தக் கேமராவாக இருந்தாலும் ஏசி காரிலிருந்து எடுத்த உடனே திறக்காதீர்கள், லென்ஸில் பனி மூட்டம் போட்டுவிடும். பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் விட்டு வையுங்கள்.

அம்மாச்சி வீடு

கோயில்கள் ஆயிரம் வருஷமாக நிற்கின்றன, அடுத்த முறையும் நிற்கும். கும்பகோணத்தில் என் அம்மாச்சிக்கு எண்பத்தாறு வயது.

பெரிய கேமராவோடு நான் அடுக்களை வாசலில் நின்றதும், “இருப்பா, சேலையை மாத்திக்கிட்டு வந்துடறேன்” என்று எழுந்துவிட்டார். மாற்றிக்கொண்டு வந்து, கையை மடியில் வைத்து, ரேஷன் கார்டுக்கு எடுப்பதுபோல் விறைப்பாக உட்கார்ந்தார். படம் துல்லியமாக இருக்கிறது. அதில் அம்மாச்சிதான் இல்லை.

மறுநாள் மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவளிடம் 50 மில்லிமீட்டர் எஃப்/1.8 லென்ஸ் இருந்தது. 160 கிராம், வெளிவந்தபோது 200 டாலர். அம்மாச்சி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். “பாட்டி, ஏன் லீஃப் மட்டும் எடுக்கறீங்க?” என்று கேட்டாள். “குச்சி தொண்டையில குத்தும்டி கண்ணு, இப்படி உருவணும்” என்று அவள் விரலைப் பிடித்துக் காட்டினார். இவள் ஒரு கையால் உருவிக்கொண்டே மறு கையால் எடுத்தாள். கேமரா அவர் கண்ணுக்கு ஒரு விளையாட்டுச் சாமான். ஜன்னல் வெளிச்சம், கீரை, சுருங்கிய விரல்கள், பாதிச் சிரிப்பு. எங்கள் வீட்டில் இப்போது மாட்டியிருப்பது அந்தப் படம். தமிழில் நாலு வார்த்தைக்கு மேல் பேசத் தயங்குகிற பிள்ளை, அன்றைக்கு முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

சரி, எதை வாங்குவது?

பிள்ளைகளோடு ஊர் சுற்ற ஆர்50 மாதிரி ஒன்றும், அந்த 50 மில்லிமீட்டர் லென்ஸும் போதும். 18-45 லென்ஸின் எஃப்/6.3-ஐவிட எஃப்/1.8 பன்னிரண்டு மடங்கு வெளிச்சம் தரும். அதில் நடுக்கம் தடுக்கும் வசதி இல்லை, ஆகவே முழங்கையை உடம்போடு ஒட்டிப் பிடிக்கச் சொல்லிக் கொடுங்கள். இரண்டு கேமராவும் முகத்தையும் கண்ணையும் தானாகவே தேடிப் பிடிக்கும், அதில் சின்னது ஒன்றும் சளைத்ததில்லை. அதற்கு ஒரே ஒரு கார்டுதான் போடமுடியும். ஆர்5-இல் இரண்டு கார்டு, ஒரே படத்தை இரண்டிலும் பதியலாம். அதனால் சின்னதை வைத்திருப்பவர்கள் தினமும் ராத்திரி சாப்பிட்டதும் படங்களை இன்னொரு இடத்தில் நகல் எடுத்துவிட்டுத் தூங்கணும். அம்மாச்சி படம் இரண்டாவது தடவை கிடைக்காது.

அரங்கேற்றம் மாதிரி விசேஷத்துக்குப் பெரிய கேமரா உண்மையிலேயே வேணும். மங்கலான மேடை, வேகமான கை அசைவு, சத்தம் வரக்கூடாது. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் ஆர்50-இல் வேகமாக வீசிய கை கொஞ்சம் வளைந்து தெரியும். ஆர்5-இல் அது குறைவு. அதற்காக வாங்கணும் என்றில்லை, நாம் இருக்கிற பெரிய ஊர்கள் பலவற்றிலும் நாள் வாடகைக்குக் கிடைக்கிறது.

வெளிவந்தபோது இருந்த விலையில் இரண்டுக்கும் வித்தியாசம் ஐயாயிரம் டாலருக்கு மேல். நாலு பேர் ஊருக்குப் போய்வர ஆகும் டிக்கெட் செலவில் பெரும்பகுதி அதிலேயே வந்துவிடும். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே இன்னொரு தடவை போய் வாருங்கள். போகும்போது போன தடவை எடுத்ததை அச்சடித்து எடுத்துப் போங்கள். போனில் காட்டினால் “நல்லா இருக்குப்பா” என்பதோடு முடிந்துவிடும். கையில் கொடுத்தால் தெரு முழுக்கக் காட்டிவிட்டுத்தான் ஓய்வார்கள்.