கடைசி வரிசை வயலின்

அப்பா வேலையால் வந்து, முகம் கழுவி, தேத்தண்ணி குடித்து முடிய ஆறரை ஆகிவிடும். பிறகு முன்னறைக் கதவைச் சாத்துவார். சற்று நேரத்தில் உள்ளே வயலின் தொடங்கும். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முழுவதற்கும் அந்தச் சத்தம் பழக்கம். ஆனால் அதில் பாட்டு என்று எதுவும் பிடிபடாது. ஒரே இடத்தில் நின்று வேகமாக, தணிந்த குரலில் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். திடீரென்று நின்றுவிடும். அப்பா வாய்க்குள் எண்ணுவது கேட்கும். எண்ணி முடிந்ததும் இரண்டே இரண்டு சுரம் வரும். மறுபடி எண்ணல். பக்கத்து வீட்டு மாமி ஒருநாள் மதிலால் எட்டிப் பார்த்து அம்மாவிடம் கேட்டா: "பிள்ளை, அவர் ஏன் பாட்டைத் தொடங்கிறாரே இல்லை?"

அப்பா இலங்கை சிம்பொனி ஓர்கெஸ்ட்ராவில் இரண்டாம் வயலின் வாசித்தவர். அதிலும் கடைசி வரிசை. பகலில் கோட்டையில் ஒரு கந்தோரில் கணக்கு எழுதுவார். அந்தக் குழுவில் இருந்தவர்கள் பெரும்பாலும் இப்படித்தான். டாக்டர், சட்டத்தரணி, பள்ளிக்கூட ரீச்சர், வங்கியில் வேலை பார்ப்பவர், சோதனைக்குப் படித்துக்கொண்டிருக்கும் மாணவன் என்று ஆளுக்கொரு சீவியம். வாசிப்பதற்காக அவர்களுக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. வாத்தியமே தொழிலாக இருந்தவர்கள் இராணுவ, பொலிஸ் பேண்டுகளிலிருந்து வந்த சிலர் மட்டும்தான். ட்ரம்பெட், ஹோர்ன், ட்யூபா போன்ற ஊது வாத்தியங்களுக்கு அவர்களை விட்டால் கொழும்பில் வேறு ஆளில்லை.

ஓர்கெஸ்ட்ரா தொடங்கியது 1958இல். தமிழருக்கு எதிராக நாடு முழுவதும் பரவிய முதல் கலவரம் நடந்ததும் அதே வருசம். "அந்த வருசம் இந்த ஊரிலை ஆளையாள் வெட்டினதும் நடந்தது, ஒண்டா இருந்து பேத்தோவன் வாசிக்கத் தொடங்கினதும் நடந்தது" என்று அப்பா சொல்வார். அவர் அதற்குப் பல வருசம் கழித்துச் சேர்ந்தவர். அப்போது ஏர்ல் டி பொன்சேகா நடத்துநர். பல பத்தாண்டுகள் நடத்துநர் கோலைப் பிடித்தவர் அவர். எயிலீன் பிரின்ஸ் முன்வரிசையில் இருந்து வயலின்காரர்களை நடத்தியவர், கொழும்பில் ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்கு வில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். சின்னப் பிள்ளையான எனக்கு அவர்கள் இருவரும் தூரத்தில் தெரிந்த பெரிய மனிதர்கள். நான் வளர்ந்தது பின்வரிசையில்.

அப்பா யாழ்ப்பாணத்தில் பழகியது கர்நாடக வயலின். சப்பாணி கட்டி இருந்து, வயலினின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி வாசிக்கும் முறை. உத்தியோகம் கிடைத்துக் கொழும்புக்கு வந்த பிறகு கதிரையில் நிமிர்ந்து இருக்கவும், வயலினை நாடிக்குக் கீழே பிடிக்கவும், ஐந்து கோட்டில் எழுதிய இசையை வாசிக்கவும் முதலிலிருந்து பழகினார். கை பழகிவிட்டது, ஆனால் விரல் இலேசில் மறக்கவில்லை. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது தன்னையறியாமல் வழுக்குவார். அவரோடு ஒரே தாங்கியில் தாளைப் பகிர்ந்து வாசித்த, ஐரோப்பிய வழிவந்த பறங்கி அன்ரி உடனே பென்சிலை எடுத்து, அந்த இடத்தில் ஒரு சறுக்கல் கோடு கீறி, அதன்மேல் பெருக்கல் அடையாளம் போடுவா. அப்பாவின் தாள்கள் முழுவதும் அந்தப் பெருக்கல்கள் இருந்தன.

ஒத்திகைக்கு என்னையும் கூட்டிப் போவார். காலி வீதியில் பஸ் ஏறி, பம்பலப்பிட்டியில் இறங்கி, கறுவாத்தோட்டத்து மர நிழலால் நடப்போம். ஒரு பாடசாலை மண்டபம். போனவுடன் வேலை கதிரை அடுக்குவதுதான். டாக்டரும் அடுக்குவார், மாணவனும் அடுக்குவான். பிறகு ஓபோக்காரர் ஒரேயொரு சுரத்தை நீட்டி ஊதுவார். எல்லா வாத்தியமும் அதற்குத் தன்னைச் சேர்க்கும். கொழும்பின் ஈரக்காற்றில் முறுக்காணி வீங்கி இறுகிப்போகும், வயலினின் பசை விட்டு ஓரம் பிளக்கும். ஆகையால் இந்தச் சேர்க்கும் நேரம் சில நாட்களில் நீண்டுகொண்டே போகும். எனக்கு அது சலித்ததே இல்லை. சுவரோரம் ஒரு வாங்கில் இருந்து, அத்தனை சத்தமும் ஒன்றையொன்று தேடிப் போய் ஒட்டுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

தந்தி வாத்தியங்களில் இரண்டு பேருக்கு ஒரு தாங்கி. சபைப் பக்கம் இருப்பவர் நிறுத்தாமல் வாசிக்க வேண்டும், உள்பக்கம் இருப்பவர் வில்லை எடுத்துவிட்டுத் தாளைப் புரட்ட வேண்டும். அப்பா உள்பக்கம். ஆனால் அன்ரி அவரிடம் வேறொன்றை நம்பியிருந்தா. வாத்தியம் சும்மா இருக்க வேண்டிய இடங்களில் தாள வட்டத்தைச் சரியாக எண்ணுவது பெரிய வேலை. ஒன்று தவறினால் எல்லோரும் அமைதியாக இருக்கும் இடத்தில் நீங்கள் மட்டும் பாய்ந்து விழுவீர்கள். அப்பா வில்லை மடியில் வைத்துவிட்டு, தாளம் போடும் விரல் எண்ணலில், சுண்டுவிரலிலிருந்து தொடையில் தட்டித் தட்டி எண்ணுவார். அன்ரியின் கண் நடத்துநரின் கோலில் இருக்காது, அப்பாவின் விரலில் இருக்கும். கர்நாடக இசை அந்த ஓர்கெஸ்ட்ராவுக்குள் நுழைந்த வழி அதுதான். அப்பா அதைச் சொல்லும்போது குரலில் ஒரு நிமிர்வு வரும், நியாயமான நிமிர்வு.

எழுபதுகளின் முதற்பாதி. 1970இல் வந்த அரசாங்கம் இறக்குமதியை இறுக்கிப்பிடித்த காலம். பாணுக்கு விடியற்காலையில் வரிசையில் நிற்போம். வயலின் தந்திக்கு வரிசைகூட இல்லை, தந்தியே இல்லை. ஈ என்ற மெல்லிய மேல்தந்திதான் அடிக்கடி அறும். லண்டனிலிருந்து யாராவது வருகிறார்கள் என்றால், அவர் யாருடைய உறவாக இருந்தாலும், அவர் பெட்டியில் எல்லோருக்கும் தந்தி வரும். ஓபோவுக்கும் பசூனுக்கும் வேண்டிய நாணல் சீவல்களும் அப்படித்தான். அறுந்த தந்தியை யாரும் எறிந்ததில்லை. முடிச்சுப் போட இடமிருந்தால் போட்டு இன்னொரு ஒத்திகைக்கு ஓட்டுவார்கள். அன்ரி ஒரு தகர டப்பாவில் உதிரித் தந்தி வைத்திருந்தா. அதைத் திறந்து ஒன்றை அப்பாவிடம் நீட்டும்போது என்ன விலை என்று இருவரும் பேசிக்கொண்டதில்லை.

அச்சிட்ட இசைத்தாளும் அதே தட்டுப்பாடுதான். வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கக் காசு வெளியே போக வேண்டும், காசு வெளியே போக வழியில்லை. இருக்கும் ஒரு பிரதியைப் பார்த்துக் கையால் எழுத வேண்டும். கணக்கு எழுதும் கை என்பதால் அந்த வேலையின் ஒரு பங்கு அப்பாவிடம் வந்தது. எங்கள் சாப்பாட்டு மேசையில், சாப்பாடு முடிந்து துடைத்த பிறகு, அவர் அடிமட்டம் வைத்து ஐந்தைந்து கோடாக இழுப்பார். பிறகு இந்தியன் மையில் சுரம் சுரமாக வைப்பார். எழுதுவதில் ஒரு நுட்பம் இருந்தது. பக்கம் முடியும் இடத்தில் வாத்தியத்துக்கு ஓய்வு வருமாறு கோடுகளைக் கணக்குப் பார்த்து அடக்க வேண்டும். அப்போதுதான் புரட்டுவதற்குக் கை கிடைக்கும். "இசையை எழுதிறது லேசு, புரட்டிற இடத்தை எழுதிறதுதான் கஷ்டம்" என்பார். மை காயும் வரை எங்களில் ஒருவரையும் மேசைக்குக் கிட்ட விடமாட்டார்.

அந்த முணுமுணுப்பு என்னவென்று எனக்கு விளங்கியது லயனல் வென்ட் அரங்கில்தான். அப்போது கில்ட்போர்ட் கிறசெண்ட் என்று சொன்ன வீதியில் இருக்கிறது அது. புகைப்படக்காரரும் பியானோக் கலைஞருமான லயனல் வென்ட் 1944இல் காலமான பிறகு, அவர் வீடு இருந்த இடத்தில் எழும்பி 1953இல் திறக்கப்பட்ட அரங்கு. மேடை பெரிதில்லை. ஓர்கெஸ்ட்ரா ஏறினால் வில்லும் முழங்கையும் இடிபடும். அன்றைக்கு ஷூபர்ட்டின் முடிவுறாத சிம்பொனி. 1822இல் எழுதத் தொடங்கி, இரண்டு பகுதியோடு விட்டுவிட்டு, ஆறு வருசம் கழித்து இறந்துபோனார் ஷூபர்ட். அது மேடையேறியது 1865இல்.

முதலில் செலோக்களும் டபுள் பாஸ்களும் நிலத்துக்குக் கீழிருந்து வருவதுபோல ஒரு வரியைச் சொல்லி நிறுத்தின. அடுத்து வயலின்கள் தொடங்கின. எங்கள் முன்னறைக் கதவுக்குப் பின்னால் மாதக்கணக்காகக் கேட்ட அதே முணுமுணுப்பு! நான் கதிரையில் எழும்பிவிட்டேன், அம்மா பிடித்து இருத்தினா. அந்த முணுமுணுப்பின் மேலே ஓபோவும் கிளாரினெற்றும் சேர்ந்து மெல்ல ஒரு பாட்டை எடுத்தன. அப்பா வீட்டில் ஒருநாளும் தொடங்காத பாட்டு அது. அவருக்கு அது வாசிக்கக் கிடைக்காது. அதைத் தாங்குவதுதான் அவருக்குக் கிடைத்த பங்கு. அவர் நிறுத்தினால் அந்தப் பாட்டுக்கு நிற்க இடமில்லை என்பது அந்த வயதிலேயே எனக்குத் தெளிவாகப் புரிந்தது. இன்றுவரை எந்த இசையைக் கேட்டாலும் என் காது முதலில் உள்ளே போய் நடுக்குரலைத்தான் தேடுகிறது.

துவோர்ஷாக்கின் புதிய உலகம் சிம்பொனிக்கு ஒத்திகை நடந்தபோது எனக்குப் பொலிஸ் பேண்டில் ட்யூபா ஊதிய மாமா பழக்கமானார். நாலு பகுதிகள் கொண்ட அந்தப் பெரிய படைப்பில் ட்யூபாவுக்கு வேலை இரண்டாம் பகுதியில் மட்டும், அதுவும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில சுரங்கள். மிச்ச நேரமெல்லாம் வாத்தியத்தை மடியில் கட்டிப்பிடித்தபடி இருப்பார். எனக்கு ரொபி தருவார். சிங்களத்தில் கதை கேட்பார், எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பதில் சொல்வேன். ஆனால் அந்தச் சில சுரங்கள் வரும்போது அவர் முகம் மாறிவிடும். மற்றப் பித்தளை வாத்தியங்களோடு அவர் தணிந்து ஊதும் அந்த இடம் தரையாக விரியும். அது அடங்கிய பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்த அந்த ஏக்கப் பாட்டு எழும்புகிறது. சில சுரங்களுக்காகத் தன் ஓய்வு நாளைக் கொடுத்து பஸ்ஸில் ட்யூபாவைத் தூக்கிவந்த மனிதர்.

ஓர்கெஸ்ட்ராவில் எப்போதும் யாரோ ஒருவர் போய்க்கொண்டிருந்தார். 1956இல் சிங்களம் மட்டும் என்ற சட்டம் வந்த பிறகு பறங்கியர்கள் கூட்டம் கூட்டமாக அவுஸ்திரேலியாவுக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். எனக்கு நினைவு தெரிந்த காலத்திலும் அது ஓயவில்லை. ஒரு கச்சேரிக்கு இருந்த கிளாரினெற் அடுத்த கச்சேரிக்கு மெல்பேணில் இருக்கும். நம்பிக்கையான ஒரு வியோலாவை இழந்த வருசம் அப்பா வீட்டில் சாவு விழுந்தவர் மாதிரி இருந்தார். கடைசியில் அன்ரியும் போனா. போகுமுன் தகர டப்பாவை அப்பாவிடம் கொடுத்தா. நத்தாருக்கு வழமையாகத் தரும் லவ் கேக்கை அந்த முறை மாசிமாதமே செய்து கொண்டுவந்து தந்தா. அவவின் கதிரைக்குப் பதினேழு வயதுப் பெடியன் ஒருவன் வந்தான். அப்பா அவனுக்குத் தொடையில் எண்ணுவதைப் பழக்கினார்.

1983 ஜூலை 24 இரவு பொரளையில் தொடங்கிய தமிழருக்கு எதிரான கலவரம் மறுநாள் வெள்ளவத்தைக்கு வந்தது. நாங்கள் உடுத்த உடுப்போடு ஓடினோம். வீடும் வயலினும் டப்பாவும் எரிந்தன. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில் அகதியாக இருந்தோம். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ வாசலில் அப்பாவின் பெயரைச் சொல்லி ஒருவர் விசாரிப்பதாகச் சொன்னார்கள். எங்களுக்குப் பயம். அப்பா போய்ப் பார்த்தார். ட்யூபா மாமா. சீருடை இல்லாமல், சறத்தோடு, இரண்டு பை நிறையப் பாணும் பால்மாவும். அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றார், பேசவில்லை. இதை வைத்து நாட்டுக்கு ஒரு சமாதானம் சொல்ல எனக்கு மனமில்லை. எரித்தவர்கள் எரித்தார்கள், பார்த்துக்கொண்டு நின்றவர்கள் நின்றார்கள். அந்த மனிதர் வந்தார் என்பதும் நடந்தது, அது எழுதப்பட வேண்டும்.

கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனோம். அப்பா பிறகு கொழும்பில் வாசிக்கவில்லை. ஊரில் ஒரு பழைய வயலினை வாங்கி, மறுபடி சப்பாணி கட்டி, அயல் பிள்ளைகளுக்கு வர்ணம் சொல்லிக்கொடுத்தார். அவர் கையால் எழுதிய தாள்கள் மட்டும் எரியவில்லை. அவை எங்கள் வீட்டில் இருக்கவில்லை, ஓர்கெஸ்ட்ராவின் அலுமாரியில் இருந்தன. அடுத்த கச்சேரிகளில் வேறு யாரோ அவர் வைத்த இடத்தில் தாளைப் புரட்டியிருப்பார்கள்.

ஊருக்கு ஓர்கெஸ்ட்ரா எதற்கு, அது வெள்ளைக்காரன் விட்டுப்போனது என்று பேசுபவர்களை நிறையக் கேட்டிருக்கிறேன். நான் கண்டது வேறு. பகல் முழுக்க வேறு வேலை செய்து களைத்த மனிதர்கள், வேறு வேறு பாஷையில் சண்டை பிடிக்கக்கூடியவர்கள், மாலையில் ஒரே சுரத்துக்குத் தங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். கொழும்பில் அதற்கு வேறு இடங்கள் அதிகம் இருக்கவில்லை.

இலங்கை சிம்பொனி ஓர்கெஸ்ட்ரா இப்போதும் வாசிக்கிறது. கொழும்பில் இருக்கிறவர்கள் அடுத்த கச்சேரிக்கு ரிக்கற் எடுங்கள், பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். பாட்டைப் பிடித்திருக்கும் வாத்தியத்தைப் பார்த்து முடிந்த பிறகு, இரண்டாம் வயலின்களின் கடைசித் தாங்கியையும் ஒருதரம் பாருங்கள். கச்சேரி முடிந்ததும் போய் அவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.