காலி கேசட் கொடுத்தால் பாட்டு இலவசம்... சஹாராவில் கை மாறும் கிட்டார்!

அகாடெஸில் கல்யாணம் என்றால் கிட்டார் இருந்தே ஆக வேண்டும்.

மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில், சஹாரா பாலைவனத்தின் விளிம்பில் இருக்கும் ஊர் அகாடெஸ். மண் சுவர் வைத்த வீடுகள், மண் படிந்த தெருக்கள். ஊர் நடுவே 27 மீட்டர் உயரத்துக்கு மண்ணைக் குழைத்தே எழுப்பிய பள்ளிவாசல் கோபுரம். சாரத்துக்குச் செருகிய மரக்கட்டைகள் இன்னும் அதன் உடம்பெங்கும் முள் முள்ளாக நீட்டிக்கொண்டு நிற்கின்றன. 2013-ல் யுனெஸ்கோ இந்தப் பழைய நகரத்தை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

கல்யாண மண்டபம் என்று தனியாக எதுவும் வேண்டாம். வீட்டு வாசலில், திறந்த வெளியில் துணி விரித்தால் அதுதான் மண்டபம். ஜெனரேட்டர் உறுமும். பெண்கள் கைதட்டிக் குலவை போடுவார்கள். நடுவில் இரண்டு மூன்று கிட்டார்காரர்கள். சுற்றி நிற்பவர்கள் கையில் செல்போன். அன்றைக்குப் பதிவான பாட்டு சில நாள்களில் எந்த ஊரில், யார் போனில் ஒலிக்கும் என்று வாசித்தவருக்கே தெரியாது.

இந்த ஊரின் பிரபலமான கல்யாண இசைக்குழு 'எட்ரான் தெ லாயிர்'. 'ஆயிர் மலையின் நட்சத்திரங்கள்' என்று அர்த்தம். அண்ணன் தம்பிகளும் சொந்தக்காரர்களும் சேர்ந்து 1995-ல் ஆரம்பித்தது. அப்போது அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு அகவுஸ்டிக் கிட்டார். டிரம்ஸ்? சுரைக்குடுக்கையைக் கவிழ்த்துப்போட்டு செருப்பால் அடிப்பார்கள். அதுதான் தாளம். இன்று வெளிநாடுகளில் கச்சேரி செய்யும் இந்தக் குழுவின் 2018 ஆல்பம், ஸ்டூடியோ எதுவும் இல்லாமல், அவர்கள் வீட்டு வளாகத்திலேயே பதிவானது.

இவர்கள் துவாரெக் இனத்தவர். மாலி, நைஜர், அல்ஜீரியா, லிபியா, புர்கினா ஃபாஸோ என ஐந்து நாடுகளில் சிதறிக் கிடக்கும் நாடோடி மரபுச் சமூகம். பேசுவது தமாஷெக். ஆண்கள் தலையையும் முகத்தையும் நீலத் துணியால் சுற்றிக்கொள்வார்கள். அவுரிச் சாயம் தோலில் ஒட்டிக்கொள்வதால் 'நீல மனிதர்கள்' என்றும் பெயர்.

கிட்டார் இவர்கள் பாரம்பரியத்தில் இருந்த கருவியே கிடையாது. பெண்கள் வாசிக்கும் ஒற்றைத் தந்தி 'இம்ஜாத்' உண்டு. ஆட்டுத்தோலை உரல் மேல் இழுத்துக் கட்டிய 'தெண்டே' பறை உண்டு. அப்படியானால் கிட்டார் எங்கிருந்து வந்தது, பள்ளிக்கூடமோ இசைக்குறிப்போ இல்லாத இடத்தில் இத்தனை பேர் எப்படிக் கற்றுக்கொண்டார்கள்? பதில் தெரிய அகாடெஸிலிருந்து வடக்கே, பாலைவனத்தைக் கடந்து, அல்ஜீரியாவின் தமன்ராசெட் போக வேண்டும். காலத்திலும் நாற்பது, ஐம்பது வருடம் பின்னால்.

தகர டப்பா, குச்சி, பிரேக் கம்பி

1963-ல் மாலி அரசுக்கு எதிராக துவாரெக் மக்கள் கிளர்ச்சி செய்தார்கள். அது கொடூரமாக நசுக்கப்பட்டது. கொல்லப்பட்டவர்களில் ஒருவரின் மகன் இப்ராஹிம் அக் அல்ஹபீப். அப்போது அவர் சின்னக் குழந்தை. குடும்பம் அல்ஜீரியாவுக்கு அகதியாகப் போனது. அங்கே ஏதோ ஒரு சினிமாவில் கௌபாய் ஒருவர் கிட்டார் வாசிப்பதைப் பார்த்திருக்கிறான் பையன். பார்த்ததை வைத்துத் தானே ஒன்று செய்துகொண்டான். தகர டப்பா உடம்பு, குச்சி கழுத்து, சைக்கிள் பிரேக் கம்பி தந்தி. நிஜமான அகவுஸ்டிக் கிட்டார் கைக்கு வந்தது 1979-ல், தமன்ராசெட்டில்.

அந்தக் காலகட்டத்தில் சஹாராவைக் கடும் வறட்சி வாட்டியது. ஆடு மாடுகள் செத்து விழுந்தன. மந்தை போனால் மேய்ப்பவனுக்கு என்ன வேலை? இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக அல்ஜீரியாவுக்கும் லிபியாவுக்கும் பிழைப்பு தேடிப் போனார்கள். அவர்களுக்கு 'இஷுமார்' என்று பெயர் விழுந்தது. பிரெஞ்சில் வேலையில்லாதவனைக் குறிக்கும் 'ஷோமர்' என்ற சொல் தமாஷெக்கில் நுழைந்து அப்படி ஆனது. வேலையில்லாதவன் என்ற வசவே ஓர் இசைக்குப் பெயராகிவிட்டது.

இப்ராஹிமும் நண்பர்களும் சேர்ந்த குழுதான் பிறகு உலகமே அறிந்த 'தினாரிவென்'. 'பாலைவனங்கள்' என்று பொருள். 1980-களில் லிபியாவில் கடாஃபி நடத்திய ராணுவப் பயிற்சி முகாம்களில் இவர்களில் பலர் இருந்தார்கள். சொந்த மண் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் போனவர்கள். மண் கிடைக்கவில்லை. ஆனால் அங்கே கைக்குக் கிடைத்ததை வைத்து ஒரு ஒலிப்பதிவுக் கூடம் மாதிரி அமைத்து, ஓர் அறிவிப்பு செய்தார்கள்: யார் காலி கேசட் கொண்டுவந்து கொடுத்தாலும் பாட்டைப் பதிந்து இலவசமாகத் தருவோம்!

கேசட் வந்தது. பாட்டு போனது. ஒன்றிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று என்று நகல் எடுத்தார்கள். லாரியிலும் ஒட்டகத்திலும் சட்டைப் பையிலும் ஏறி எல்லைகளைத் தாண்டியது. வானொலியில் ஒலிக்காத, கடையில் விற்காத பாட்டு. வீட்டை விட்டு வந்த ஏக்கம், வறட்சி, எழுந்து நில் என்ற குரல் எல்லாம் அதில் இருந்தன. மாலி அரசு இந்தக் கேசட்டுகளைத் தடை செய்தது. அப்படியும் ஓயவில்லை. கடிதம் எழுதப் படிக்கத் தெரியாத வீட்டிலும் டேப்ரெக்கார்டர் இருந்தால் செய்தி போய்ச் சேர்ந்துவிடுமே!

கிட்டார் கற்க விரும்பிய பையன்களுக்கு அதே கேசட்தான் வாத்தியார். கொஞ்சம் கேட்பது, நிறுத்துவது, பின்னால் சுற்றுவது, மறுபடி கேட்பது. கட்டைவிரல் தடித்த தந்தியை விடாமல் மீட்டிக்கொண்டே இருக்க, மற்ற விரல்கள் மேலே மெட்டை நெய்யும். நம் தம்புரா சுருதியையும் பாட்டையும் ஒரே ஆள் சேர்த்து வாசிப்பது மாதிரி. இதைக் கேசட்டில் கேட்டுப் பிடிப்பது லேசான காரியம் அல்ல. நகலின் நகலில் இரைச்சல் கூடிக்கொண்டே போகும். பேட்டரி தளர்ந்தால் டேப் மெதுவாகச் சுற்றும், சுருதியே இறங்கிவிடும். சரியாகக் கேட்காத இடத்தை வாசிப்பவரே இட்டு நிரப்ப வேண்டியதுதான். ஒவ்வொருவர் கையிலும் அந்தப் பாணி கொஞ்சம் கொஞ்சம் மாறியதில் இரைச்சலுக்கும் பங்கு இருந்திருக்கும் என்றே தோன்றுகிறது.

பாட்டுக்குப் பகை

2001-ல்தான் தினாரிவென் முதல் சர்வதேச ஆல்பம் வந்தது. பதிவான இடம், மாலியின் கிடால் ஊரில் இருந்த தமாஷெக் வானொலி நிலையம். பத்து வருடம் கழித்து 'தஸ்ஸிலி'. அல்ஜீரியப் பாலைவனத்தில் கூடாரம் போட்டு, எலெக்ட்ரிக் கிட்டார்களை ஓரம்கட்டிவிட்டு அகவுஸ்டிக் கிட்டாரோடு உட்கார்ந்து பதிந்தது. பழைய கேசட் நாள்களின் வாசிப்பு முறைக்கு அவர்களே திரும்பிப் போனார்கள். 2012 பிப்ரவரியில் அதற்கு கிராமி விருது கிடைத்தது.

அதே 2012-ல் அவர்களின் சொந்த ஊர்ப்பக்கம் ஆயுதக் குழுக்களின் கைக்குப் போனது. வடக்கு மாலியில் இசைக்கே தடை. போனில் ரிங்டோனாகக்கூடப் பாட்டு ஒலிக்கக் கூடாது. கிடாலில் 'அமனார்' குழுவின் கிட்டார் கலைஞர் அஹ்மத் அக் காயெதி வீட்டில் இல்லாத நேரம் பார்த்து வந்தவர்கள், அவர் இசைக்கருவிகளை வெளியே இழுத்துப் போட்டு எரித்தார்கள். திரும்பி வந்தால் விரல்களை வெட்டுவோம் என்று வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் ஊரைவிட்டு வெளியேறினார். தினாரிவெனின் அப்துல்லா அக் லமீதா, கிட்டார்களைக் காப்பாற்றப் போய்ப் பிடிபட்டார். நல்லவேளை, பிறகு விடுவிக்கப்பட்டார்.

எல்லைக்கு இந்தப்பக்கம் அகாடெஸும் இதைப் பார்த்த ஊர்தான். 2007-ல் தொடங்கிய கிளர்ச்சியின்போது ராணுவத்தால் கொல்லப்பட்டவர்களில் கிட்டார் கலைஞர் பொம்பினோவின் குழுவைச் சேர்ந்த இரண்டு பேரும் உண்டு. அவர் புர்கினா ஃபாஸோவுக்குத் தப்பிப்போனார். சண்டை ஓய்ந்து ஊர் திரும்பிய பிறகு, 2010 ஜனவரியில், அந்த மண் கோபுரத்தின் அடியிலேயே சுல்தானின் அனுமதியோடு கச்சேரி செய்தார்.

போனுக்குப் போன்

கேசட்டின் இடத்தை செல்போன் பிடித்தது. மெமரி கார்டில் பாட்டு ஏற்றித்தரும் கடைகள் நம் ஊரிலும் தெருவுக்குத் தெரு இருந்தவைதான். சஹாராவில் அந்தக் கடைகளோடு புளூடூத்தும் சேர்ந்துகொண்டது. இணையம் எட்டாத இடத்தில் இரண்டு போன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். டீ கொதிப்பதற்குள் பாட்டு மாறிவிடும். துவாரெக் டீ மூன்று சுற்று. அவசரமே கிடையாது.

பதிவு செய்யவும் அதே போன். கிட்டார்காரர் முன்னால் மணலில் போனை வைத்துவிட்டால் வேலை முடிந்தது. காற்று இரையும், ஆடு கத்தும், யாரோ சிரிப்பார்கள். அதோடு சேர்த்துத்தான் பாட்டு. கைமாறிக் கைமாறி வரும் கோப்பில் பல நேரம் வாசித்தவர் பெயரே இருக்காது.

அப்படிப் பெயர் தெரியாமல் சுற்றியவற்றில் ஒன்று எம்டூ மொக்தாருடையது. இவரும் பிரேக் கம்பியைத் தந்தியாக்கிக் கிட்டார் செய்துகொண்டவர்தான். வீட்டில் இசைக்கு எதிர்ப்பு. இடதுகைக்காரர். 2008-ல் நைஜீரியாவின் சொகொட்டோ நகரத்துக்குப் போய்ச் சில பாட்டுகளைப் பதிந்தார். அந்த ஊர் சினிமாப் பாட்டு பாணியில் குரலுக்கு ஆட்டோடியூன், தாளத்துக்கு மெஷின். ஆல்பமாகக் கடைக்கு வரவில்லை. போன்களில் பரவியது. நாடு தாண்டி மாலியில், யாரென்றே தெரியாதவர்களின் மெமரி கார்டில் உட்கார்ந்திருந்தது.

போன்களில் இருக்கும் பாட்டுகளைத் தேடித்தேடிச் சேகரித்துக்கொண்டிருந்த கிறிஸ்டஃபர் கிர்க்லி என்ற அமெரிக்கர் காதில் அது விழுந்தது. அவர் அந்தக் கோப்புகளுக்குச் சொந்தக்காரர்களைக் கண்டுபிடித்து அனுமதி வாங்கி, 2011-ல் 'சஹாரா செல்போன் இசை' என்ற பொருளில் தொகுப்பாகவே வெளியிட்டார். இன்று எம்டூ மொக்தார் உலகம் சுற்றும் கலைஞர்.

சரி, காசு? இங்கேதான் சங்கடம். புளூடூத்தில் போன பாட்டுக்கு ஒரு பைசா வராது. கல்யாணத்தில் கிடைப்பதுதான் வருமானம். பாட்டு எவ்வளவு தூரம் பரவுகிறதோ அவ்வளவு கல்யாணங்களுக்கு அழைப்பு வரும் என்று ஒரு கணக்கு உண்டு. பிரபலமானவருக்கு அது சரி. கல்யாணம் கிடைக்காத ஊரில் இருக்கும் பையனுக்கு? 2020-ல் கிர்க்லியின் நிறுவனம் வேறொரு வழி பார்த்தது. கலைஞர்கள் போனில் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், அது மாதம் ஒன்றாக வெளியாகும், வரும் பணம் முழுவதும் வாசித்தவருக்கே. முதலில் சொன்ன எட்ரான் தெ லாயிர் குழுவும் அதில் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கேட்டவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுக்காரர்களாகத்தான் இருப்பார்கள். உள்ளூரில் பழைய வழக்கம் அப்படியே.

பகிர்வதால் யாருக்குக் கதவு திறக்கிறது என்பதற்கு இல்லிகதாத் கிராமத்தைப் பார்க்கலாம். நைஜரின் மேய்ச்சல் நிலத்தில் ஒதுங்கிக் கிடக்கும் சிறு கிராமம். அங்கே ஃபாத்து செய்தி காலி என்ற பெண், அண்ணனின் கிட்டாரை எடுத்துத் தானாகவே வாசிக்கப் பழகினார். துவாரெக் சமூகத்தில் பெண்களுக்கு இம்ஜாதும் தெண்டேயும் உண்டு, கிட்டார் மட்டும் ஆண்கள் கையிலேயே இருந்தது. அவருடைய முதல் ஆல்பம் கிராமத்தில் திறந்த வெளியில் பதிவானது. ஒரு பக்கம் அகவுஸ்டிக் கிட்டார், மறுபக்கம் பெண்கள் கூடிப் பாடும் தெண்டே.

2023 ஜூலையில் நைஜரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது எம்டூ மொக்தார் குழு அமெரிக்காவில் கச்சேரிப் பயணத்தில் இருந்தது. எல்லைகள் மூடப்பட்டன. வீடு திரும்ப வழியில்லை. ரசிகர்களிடம் நிதி திரட்டி நாளைத் தள்ளினார்கள். அப்போது நியூயார்க்கில் உட்கார்ந்து, தங்கள் புதிய ஆல்பத்தின் பாட்டுகளை அகவுஸ்டிக் கிட்டாரில் மறுபடி ஒருமுறை வாசித்துப் பதிந்தார்கள். 2025-ல் அது வெளிவந்தது. ஆத்திரத்தோடு வாசித்த அதே பாட்டுகள் இதில் துக்க வீட்டுப் பேச்சு மாதிரி தணிந்து ஒலிக்கின்றன.

அதில் ஒன்று மட்டும் குறைந்தது. பாடகர் ஒரு வரி சொல்ல, கூட்டம் திருப்பிச் சொல்லும் அந்தக் குரல்கள். நியூயார்க்கில் அதற்கு ஆள் ஏது? குழுவின் இன்னொரு கிட்டார் கலைஞர் அஹ்மூது மதஸ்ஸானே ஊர் திரும்பியபோது, கைக்கு அடக்கமான ரெக்கார்டர் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். அவர் நைஜரில் துவாரெக் மக்கள் சிலரைக் கூட்டி உட்காரவைத்துப் பாடச் சொல்லி, பதிந்து, அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்தார். அந்தக் குரல்கள் ஆல்பத்தில் இருக்கின்றன.