தலையை ஆட்டினால் 'இல்லை'!

பல்கேரியாவில் ஒரு விசித்திர வழக்கம் உண்டு. 'ஆமாம்' என்பதற்கு அங்கே தலையை இடமும் வலமுமாக அசைப்பார்கள். 'இல்லை' என்பதற்கு மேலும் கீழுமாக ஆட்டுவார்கள். இது தெரியாத வெளிநாட்டார் ஒருவர் அங்கே ஓட்டுக் கேட்டு வீடு வீடாகப் போனால் அவர் பாடு திண்டாட்டம்தான்! எல்லாரும் தலையாட்டினார்கள் என்று உச்சி குளிர்ந்து திரும்புவார். பெட்டியைத் திறக்கும்போதல்லவா வயிற்றைக் கலக்கும்!

உள்ளூர்த் தலைவர்களுக்கும் ஜனங்களின் தலையசைப்பு புரியாமல் போய்விட்டது. 2021 ஏப்ரலிலிருந்து 2024 அக்டோபருக்குள், நான்கு வருஷம் நிறைவதற்கு முன்பே, அந்தச் சிறிய தேசத்தில் ஏழு பார்லிமெண்டுத் தேர்தல்கள் நடந்தன. பார்லிமெண்டில் 240 ஸ்தானங்கள். ஆட்சி நடத்த 121 வேண்டும். இந்த ஏழு தேர்தல்களிலும் எந்தக் கட்சியும் 75-ஐத் தாண்டவில்லை. தலைநகர் சோபியாவில் பார்லிமெண்டுக் கட்டடத்தின் முகப்பில் 'ஒற்றுமையே பலம்' என்று பொறித்திருக்கிறார்கள். உள்ளே இருப்பவர்கள் வாசலில் நுழையும்போது அண்ணாந்து பார்ப்பதில்லை போலிருக்கிறது!

தேர்தல் முறையை இரண்டு வார்த்தையில் சொல்லிவிடலாம். தேசம் 31 தொகுதிகள். வாங்கிய ஓட்டுக்குத் தக்கபடி கட்சிகளுக்கு ஸ்தானம். நூற்றுக்கு நாலு ஓட்டுக்கூட வாங்காத கட்சிக்கு ஒன்றுமில்லை. ஆனால் யார் எங்கே வளர்கிறார், எங்கே தேய்கிறார் என்று அறிய வேண்டுமானால் தொகுதி போதாது. 'ஓப்ஷ்டினா'வைப் பார்க்க வேண்டும். ஒரு பட்டணமும் சுற்றியுள்ள கிராமங்களும் சேர்ந்தது ஓர் ஓப்ஷ்டினா. மொத்தம் 265. வரைபடத்தில் ஒவ்வொன்றுக்கும் வென்ற கட்சியின் வர்ணத்தைப் பூசிப் பார்த்தால், அது தேர்தல் படமாகவா தெரிகிறது? ஒரு தேசத்தின் குடும்பக் கதையாகவே தெரிகிறது.

வாருங்கள், சோபியாவிலிருந்து புறப்படுவோம். விட்டோஷா மலையின் அடிவாரத்தில் பரந்து கிடக்கும் இந்த நகரம், கம்யூனிஸ்டு ஆட்சி போன பிறகு 1990 ஜூனில் நடந்த முதல் சுதந்திரத் தேர்தலில், எதிர்க்கட்சியின் நீல வர்ணத்துக்கு ஓட்டளித்தது. கிராமங்களோ, சோஷலிஸ்டுக் கட்சி என்று பெயர் மாற்றிக்கொண்ட பழைய கம்யூனிஸ்டுகளின் சிவப்புக்கே ஓட்டளித்தன, சிவப்பே வென்றது. பட்டணம் நீலம், பட்டிக்காடு சிவப்பு என்ற கணக்கு பத்து வருஷம் நீடித்தது. 1994-இல் சிவப்புக்கு 125. விலைவாசி விஷம்போல் ஏறிய 1997-இல் நீலத்துக்கு 137.

பிறகு நடந்தது கதைகளில்கூட வராது. ஆறு வயதில் முடிசூடி, ஒன்பது வயதில் 1946-இல் நாட்டைவிட்டு வெளியேறிய சிமியோன் என்ற ராஜா, 2001-இல் திரும்பி வந்தார். வந்து சில வாரங்களில் கட்சி ஆரம்பித்தார். தேர்தலில் சரிபாதியாக 120 ஸ்தானங்களை அள்ளிக்கொண்டு பிரதம மந்திரியானார். சிவப்பு, நீலம் இரண்டும் ஒரே ராத்திரியில் வெளிறிப் போயின. ஆனால் ராஜா மோகம் எட்டு வருஷம்தான். 2009-இல் அவர் கட்சிக்கு நூற்றுக்கு நாலுகூடக் கிடைக்கவில்லை.

அந்த ராஜாவுக்கும், அதற்கு முன் பதவியிழந்த கம்யூனிஸ்டுத் தலைவர் ஷிவ்கோவுக்கும் மெய்க்காப்பாளராக இருந்தவர் ஒருவர் உண்டு: கராத்தே வீரர் பொய்கோ போரிசோவ். இருவரையும் காத்தவர், அடுத்து நாட்டையே காக்க வந்தார்! 2005-இல் சோபியாவின் மேயர். 2009-இல் பிரதம மந்திரி. அவருடைய கட்சியின் பெயர் 'கெர்ப்'. ராஜ முத்திரை என்று பொருள். மேடைப் பேச்சைவிட மேயர்களை நம்பிய கட்சி இது. ஓப்ஷ்டினாவில் மேயர் கைக்கு வந்தால் ரோடும், பள்ளிக்கூடமும், வேலையும் அவர் கை வழியே போகும்; ஓட்டும் அந்த வழியே வரும். அப்படியும் 2023-இல் சோபியாவும், கடற்கரைப் பட்டணமான வார்னாவும் கெர்ப்பைக் கைவிட்டுப் புதிய சீர்திருத்தக் கட்சிகளிடம் போய்விட்டன.

இனி ரயிலேறி வடமேற்கே போவோம். இஸ்கர் நதி குடைந்த மலைப்பிளவின் வழியே போய், கடைசியில் டான்யூப் நதிக்கரையில் விடின் பட்டணம். ஒரு காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் அசல் சிவப்பு. இன்று கிராமத்துக்குக் கிராமம் பூட்டிய வீடுகள். பல்கேரியாவில் இறந்தவரின் படத்தை அச்சடித்துக் கதவிலும் சுவரிலும் மரத்திலும் ஒட்டுவது வழக்கம். கட்சிச் சுவரொட்டியும் மரண அறிவிப்பும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். எது எதை மறைக்கிறது என்று பார்த்தாலே ஊர் நிலைமை விளங்கிவிடும். 1985-இல் தேசத்தின் ஜனத்தொகை 89 லட்சம். 2021-இல் 65 லட்சம். பிள்ளைகள் ஜெர்மனியில், தாத்தா பாட்டி தோட்டத்தில். திரெக்லியானோ என்ற ஓப்ஷ்டினாவில் மொத்த ஜனங்களே ஆயிரத்துக்குள்தான்.

சோஷலிஸ்டுகளின் கணக்கைப் பாருங்கள்: 2017-இல் 80 ஸ்தானம், 2021 ஏப்ரலில் 43, அதே வருஷம் நவம்பரில் 26, 2024 ஜூனில் 19. கொள்கை மாறியவர்கள் பாதி. மண்ணுக்குள் போனவர்கள் பாதி என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

தெற்கே ரோடோப்பி மலைக்குப் போனால் வேறு உலகம். அர்தா நதிக்கரையில் கர்ஜலி. புகையிலை விளையும் சரிவுகள், மசூதிக் கோபுரங்கள், வீட்டில் துருக்கி பாஷை. 1984-85 குளிர்காலத்தில் சர்க்கார் இவர்களுக்கு ஓர் உத்தரவு போட்டது: துருக்கிப் பெயரை விட்டுவிட்டுப் பல்கேரியப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும்! ராத்திரி தூங்கப்போன அஹ்மத், விடிந்ததும் வேறொருவர். 1989 கோடையில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் மூட்டை முடிச்சுடன் துருக்கிக்குக் கிளம்பினார்கள்; அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் பின்னால் திரும்பினார்கள். 1990-இல் அஹ்மத் தோகான் உரிமை - சுதந்திர இயக்கத்தைத் தொடங்கினார். அன்றுமுதல் இந்த மலை ஓப்ஷ்டினாக்கள், மற்ற இடங்களில் எந்தக் காற்று அடித்தாலும் அசையவில்லை. மற்றவர்களுக்கு ஓட்டு என்பது ஓர் அபிப்பிராயம். இவர்களுக்கோ, பறிபோன பெயர் திரும்பிவந்ததற்குச் சாட்சி.

அந்தக் கோட்டையும் 2024-இல் பிளந்தது. கிழவர் தோகான் ஒரு பக்கம். பணபலம் மிக்க டெல்யான் பேவ்ஸ்கி மறுபக்கம். ஜூனில் ஒரே கட்சியாக 47 ஸ்தானம். அக்டோபரில் பேவ்ஸ்கிக்கு 30, தோகானுக்கு 19. கூட்டினால் 49! கட்சி உடைந்தும் மொத்தம் குறையவில்லை; ஆனால் ஒரே தெருவில், ஒரே வீட்டில் இரண்டு ஓட்டு விழுந்தது.

தமாஷும் இல்லாமல் இல்லை. 2014-இல் சோஷலிஸ்டுகளுக்கு ஓட்டுச் சீட்டில் 15-ஆம் எண். கட்சியைக் குறித்த கையோடு, விருப்பமான அபேட்சகர் கட்டத்திலும் பலர் 15 என்றே குறித்துவிட்டார்கள். விளைவு, பட்டியலில் பதினைந்தாவதாக இருந்தவர் யாரும் எதிர்பாராமல் முன்னால் வந்துவிட்டார்! பிற்பாடு அபேட்சகர் எண்களை 101-லிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

ஏழு தேர்தலின் அலுப்பு சாமான்யமா? 1990-இல் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஓட்டுச் சாவடிக்கு வந்த தேசத்தில், 2024 ஜூனில் வந்தவர்கள் சுமார் 34 பேர்தான். நம் வரைபடத்தின் வர்ணமெல்லாம் அந்த மூன்றில் ஒரு பங்கினர் பூசியது. கட்டாயம் ஓட்டளிக்க வேண்டும் என்று 2016-இல் ஒரு சட்டம் செய்தார்கள். மறு வருஷமே அரசியல் சாசன நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது.

'நான் ஒருவன் போகாவிட்டால் என்ன?' என்று வீட்டிலிருந்தவர்களுக்கு 2024 அக்டோபர் பதில் சொன்னது. 'வெலிச்சியே' என்ற கட்சி நாலு சதவீத வாசற்படியை ஏறக்குறைய இருபது ஓட்டில் தவறவிட்டது. வழக்கு நடந்தது, 2025 மார்ச்சில் நீதிமன்றம் கணக்கைத் திருத்தியது. பத்துப் பேர் பார்லிமெண்டுக்குள் வந்தார்கள். அதற்கு இடம்விட மற்றக் கட்சிகளின் கணக்கில் பத்து ஸ்தானங்கள் குறைந்தன. இருபது பேர் என்றால், மலைக் கிராமத்திலிருந்து சந்தைக்கு வரும் ஒரு சின்ன பஸ்ஸில் ஏறக்கூடிய கூட்டம்!