'ரொம்ப' ரொம்ப ஆபத்து!

2009-ல் கம்பெனி என்னை மூன்று மாதம் மாட்ரிட்டுக்கு அனுப்பியபோது ஒரு ஸ்பானிஷ் அகராதியும் இரண்டு பாட்டில் ஊறுகாயும் கொண்டுபோனேன். ஊறுகாய் காலை வாரவில்லை.

தங்கியது ஓர் அம்மாள் வீட்டில். எழுபது வயதிருக்கும், தனி ஆள். வாடகையோடு ராத்திரிச் சாப்பாடும் சேர்த்தி. நான் சைவம் என்று தெரிந்ததும், வழக்கமாகப் போடுகிற பன்றி இறைச்சியை விட்டுவிட்டு, காரட், உருளைக்கிழங்கு, பூண்டு போட்டு 'லென்தேஹாஸ்' செய்தார். வேறொன்றுமில்லை, நம்ம மசூர்ப்பருப்புக்குத் தோல் உரிக்காத அண்ணன்!

முதல் நாளே தட்டு வழிய வைத்தார். எனக்கு நெகிழ்ந்துவிட்டது. "அடேயப்பா, ரொம்பப் பருப்பு!" என்று சொல்ல ஆசை. அகராதியில் 'ரொம்ப' மாதிரி மூன்று சொற்கள் கண்ணில் பட்டன. இருப்பதிலேயே நீளமானதுதான் மரியாதை என்று முடிவு கட்டி, "தெமாசியாதாஸ் லென்தேஹாஸ்!" என்றேன். பெண்பால், பன்மை எல்லாம் கரெக்ட். இலக்கணத்துக்கு நூற்றுக்கு நூறு.

அம்மாள் முகம் சுருங்கியது. பேசாமல் தட்டை எடுத்துப்போய்ப் பாதியைப் பாத்திரத்திலேயே திருப்பிக் கொட்டினார். மறுநாளிலிருந்து இரண்டே கரண்டி. ஒரு வாரம், கதவைச் சாத்திக்கொண்டு ரொட்டியில் ஊறுகாய் தடவிச் சாப்பிட்டேன்.

ஆபீஸில் பக்கத்து ஸீட்காரர் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "நல்லா சமைச்ச மனுஷிகிட்ட, எதுக்கு இவ்வளவு கொட்டினேன்னு கேட்டிருக்கே!"

நமக்கு "ரொம்ப நல்லாயிருக்கு", "ரொம்பப் பேசாதே" இரண்டுக்கும் ஒரே சொல். பாராட்டா, எச்சரிக்கையா என்பதைக் குரல் பார்த்துக்கொள்ளும். அங்கே அப்படியில்லை. 'முய்', 'முச்சோ' இரண்டும் சாதுக்கள். முய் புவேனோ என்றால் ரொம்ப நல்லது. முச்சோ த்ரபாஹோ என்றால் நிறைய வேலை. 'தெமாசியாதோ' வேறு ஜாதி. அளவு மீறிவிட்டது என்ற புகார் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. உப்புக் கூடினால் 'தெமாசியாதா ஸால்'. (உப்பு ஏன் பெண்பால் என்று என்னைக் கேட்காதீர்கள்.) லத்தீன் அமெரிக்காவில் பல இடங்களில் காதலியிடம் 'தே கியேரோ தெமாசியாதோ' என்றால் சந்தோஷப்படுவாளாம். நான் போய் இறங்கின இடம் தப்பு.

அன்று ராத்திரி, பஸ்ஸில் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். "முச்சாஸ் லென்தேஹாஸ். முய் புவேனாஸ்." நிறையப் பருப்பு, ரொம்ப நல்ல பருப்பு. கையை ஆட்டி, முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொண்டு, முதல் நாள் உளறலுக்கும் மன்னிப்புக் கேட்டேன்.

அம்மாள் எதிரே உட்கார்ந்தார். "ஸியெம்ப்ரே மே ஸோப்ரா கொமீதா" என்றார். எனக்கு எப்பவும் சாப்பாடு மிஞ்சிப்போகிறது. 'ஸோப்ரா' என்பது பருப்புக்கு மட்டுமில்லை. வேண்டாதவராக ஓர் இடத்தில் நிற்கும் மனிதருக்கும் அதே சொல்தான். புருஷன் போய் நாலு வருஷமாகியும் கை இரண்டு பேருக்குத்தான் அளந்து போடுகிறதாம். சாப்பிட ஓர் ஆள் வந்தானே என்று பார்த்தால், அவனும் முதல் நாளே அதிகம் என்றுவிட்டான்.

தட்டை நீட்டினேன். மூன்று கரண்டி, நாலு, ஐந்து. ஆறாவது விழும்போது 'தெமாசியாதோ' தொண்டை வரை வந்தது. பருப்போடு சேர்த்து விழுங்கினேன்.