பியானோவில் டியூக்... கையில் மெஷின் கன்!

மேடையில் வெள்ளைக்கார இசைக்குழு ஒன்று, லிஸ்ட் எழுதிய ஹங்கேரியன் ராப்சடியைப் பயபக்தியோடு வாசிக்கிறது. நடுவில் எங்கிருந்தோ ஜாஸ் சத்தம் எட்டிப்பார்க்கிறது. கண்டக்டர் முறைக்கிறார் (பஸ் கண்டக்டர் இல்லை, குச்சியை ஆட்டி இசைக்குழுவை நடத்துபவர்). முறைத்தும் பயனில்லை. கோபத்தில் அவர் வெளியேற, மேடை டியூக் எலிங்டன் கைக்குப் போகிறது. கறுப்பின நடனக் கலைஞர்கள் வந்து ஆட, அரங்கமே துள்ளுகிறது.

அடுத்து நடப்பதுதான் தூக்கிவாரிப்போடும். போன கண்டக்டர் மெஷின் கன்னோடு திரும்பி வந்து மொத்தப் பேரையும் சுட்டுத் தள்ளுகிறார்!

பதற வேண்டாம், அது நாடகத்துக்குள் வரும் நாடகம். எல்லோரும் எழுந்துவிடுவார்கள், பாட்டுப் பாடிய ரீட்டாவைத் தவிர. பொய்த் துப்பாக்கிச் சத்தத்துக்குள் நிஜக் குண்டு ஒன்று பாய்ந்திருக்கிறது.

1934-ல் பாரமவுண்ட் வெளியிட்ட 'மர்டர் அட் தி வேனிட்டீஸ்' படம்தான் இது. மேடைக்கு முன்னால் பாட்டு, பின்னால் பிணம், நடுவில் போலீஸ். கொலையாளி யார் என்று இங்கே சொன்னால் பாவம் சும்மா விடாது.

கொலையாளியைவிட அந்தக் காட்சிதான் மனதில் நிற்கிறது. வேடிக்கைக்காக எடுத்ததாகவே இருக்கட்டும். கறுப்பினக் கலைஞர்கள் கைத்தட்டல் வாங்குகிறார்கள், உடனே ஒரு வெள்ளைக்காரர் அவர்களைச் சுடுகிறார். இன்று பார்த்தால் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோகும்.

எலிங்டனுக்கு சினிமா தந்த அனுபவங்கள் அப்படி. 1930-ல் வந்த 'செக் அண்ட் டபுள் செக்' படத்தில், அவர் குழுவின் பார்னி பிகார்ட், ஹுவான் டிசோல் இருவரும் வெளுப்பாகத் தெரிந்தார்கள். வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து வாசிப்பதாக யாரும் நினைத்துவிடக் கூடாதென்று அவர்கள் முகத்தில் கறுப்பு மை பூசினார்கள்.

தென் மாநிலத் தியேட்டர்கள் சிலவற்றில் கறுப்பினக் கலைஞர்களின் பாடல்களையே வெட்டிவிடுவதும் உண்டு. 1940-களில் லீனா ஹார்னுக்கு நடந்தது அதுதான். கதையோடு ஒட்டாமல் எடுத்தால் வெட்டுவது சுலபம். 'வேனிட்டீஸ்' படத்தில் மட்டும் அது கஷ்டம். அந்தப் பாட்டை எடுத்துவிட்டால் கொலையும் சேர்ந்து காணாமல் போகும்!

25 வருடம் கழித்து, 1959-ல் இன்னொரு கொலைக் கதை: 'அனாடமி ஆஃப் எ மர்டர்'. இந்த முறை எலிங்டன் ஒரு பாட்டுக்கு வந்துபோகும் விருந்தாளி இல்லை. பில்லி ஸ்ட்ரேஹார்னோடு சேர்ந்து படம் முழுவதற்கும் இசையமைத்தார். மூன்று கிராமி விருதுகள் கிடைத்தன. 'பை ஐ' என்ற சின்ன வேடமும் உண்டு. வக்கீலாக வரும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட், அவர் பக்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்து அதே பியானோவில் வாசிப்பார். கதவைத் திறந்துகொண்டு துப்பாக்கியோடு யாரும் வரவில்லை.