லயத்தின் பின்னால் ஒரு கான்

நுவரெலியாவிலிருந்து இராகலைக்குப் போகும் பாதையில் கந்தப்பளை என்னும் சிற்றூர் இருக்கின்றது. கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கும் மேலான உயரம். முன்னொரு காலத்தில் நானுஓயாவிலிருந்து இராகலை வரை ஓடிய சின்னஞ்சிறு புகையிரதம் இவ்வூரில் நின்று மூச்சு வாங்கிச் சென்றதுண்டு. 1940களில் அந்தப் பாதையை மூடிவிட்டார்கள். இப்பொழுது லீக்ஸும் கரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றிய லொறிகளே மூச்சு வாங்குகின்றன. ஊர் பார்க்க வருவோர் பனிமூட்டத்தையும் பச்சை மலையையும் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். அந்தப் பச்சையின் நடுவே நீளநீளமாய்ப் படுத்துக் கிடக்கும் தகரக் கூரைகளை அவர்கள் கண்டிருத்தல் கூடும். கூரைகளுக்குப் பின்னாலுள்ள கானைக் கண்டிருக்க மாட்டார்கள். அந்தக் கானைப் பற்றியே நாம் இன்று எழுத முற்பட்டோம்.

கான் என்றதும் தமிழ் கற்ற அன்பர்கள் காட்டை நினைத்துவிடலாகாது. தோட்டத்துத் தமிழில் கான் என்பது மழைநீர் வடிந்தோடும் வாய்க்கால். சரிவான மலையில் தேயிலை நட்ட காலத்திலேயே, மண் கழுவுண்டு போகாதபடி மலைக்குக் குறுக்கே, சிறு சாய்வுடன், வரிசை வரிசையாகக் கான்களை வெட்டினார்கள். மழை எவ்வளவு பெய்தாலும் நீர் கானில் இறங்கி, ஓடையைச் சேர்ந்து, ஆற்றுக்குப் போய்விடும். கொழுந்து பறித்தலைப் போல, கவ்வாத்தைப் போல, கான் வெட்டுதலும் பெயருள்ள ஒரு வேலையாக இருந்தது. இன்றோ தோட்டங்களில் ஆள் குறைவு. இருக்கும் ஆட்களைக் கொழுந்துக்கு அனுப்பவே நிர்வாகங்கள் விரும்புகின்றன. கானில் மண் நிறைகிறது, புல் முளைக்கிறது. வழி அடைபட்ட நீர் தனக்கென ஒரு வழியைத் தேடுகிறது. அவ்வழி பெரும்பாலும் ஒரு லயத்தின் முதுகிலே வந்து முடிகிறது.

லயம் எத்தகையது என்பதை மலைநாட்டு வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிற பகுதி மாணவர்க்காகச் சொல்கிறோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, முன்னால் ஓர் இஸ்தோப்பு, அடுத்த அறைக்கும் இதற்கும் ஒரே சுவர். வெள்ளைக்காரர் காலத்தில் கட்டிய இவ்வரிசைகளில் மூன்று, நான்கு தலைமுறைகள் பிறந்து வளர்ந்துவிட்டன. 1972லும் 1975லும் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டது. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பெனிகளிடம் போயிற்று. எசமானர் மாறினார்களேயன்றி, கூரை மாறவில்லை. கூரையின் கீழுள்ள மண்ணும் குடியிருப்பவனுக்கு உரியதாகவில்லை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின்படி சபைப் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட வழியில்லாதிருந்தது. வாக்குப் போட மட்டும் நம்மவர்க்கு உரிமை. வடிகால் கேட்க உரிமையில்லை! அந்தத் தடை நீங்க 2018ஆம் ஆண்டின் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

புதிய வீடுகள் எழாமலில்லை. ஏழு பேர்ச் காணியில் தனித்தனி வீடு என்னும் திட்டம் வந்தது. ஏழு பேர்ச் என்றால் ஏறத்தாழ 1,900 சதுர அடி. இந்திய அரசின் உதவியில் மலைநாட்டுக்கு 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த பிரதமர் மோடி மேலும் 10,000 என்று அறிவித்துப் போனார். வீடு பெற்றவர்களின் முகத்தைப் பார்த்தவர் எவரும் இத்திட்டங்களைக் குறைகூற மனங்கொள்ளார். ஆனால் காத்திருப்போர் வரிசை நீளம். காத்திருக்கும் வரையில் மழை பொறுத்திருக்குமா என்பதுதான் கேள்வி.

நிற்க. நாம் குறிப்பிடும் தோட்டத்தில் மரண உதவிச் சங்கம் ஒன்று உண்டு. மலைநாட்டில் இச்சங்கம் இல்லாத தோட்டம் அரிது. குடும்பத்துக்கு இவ்வளவு என்று மாதச் சந்தா. யாரேனும் கண்ணை மூடினால் பெட்டிக்கும், பந்தலுக்கும், வந்தவர்க்குத் தேநீர் கொடுக்கச் சீனிக்கும் அந்தப் பணம். நாமும் அதில் ஓர் உறுப்பினர். இறந்தவர்களுக்காகத் தொடங்கிய இச்சங்கத்தில் இருப்பவர்களின் காரியங்கள் ஒவ்வொன்றாய் நுழைந்ததே ஒரு வரலாறு. முதலில் நுழைந்தது விறகு.

முன்பெல்லாம் கவ்வாத்து முடிந்ததும் பெண்கள் மிலாறு பொறுக்கிக் கட்டிச் சுமந்து வருவார்கள். வெட்டுண்ட தேயிலைக் கிளைகளே மிலாறு; காய்ந்தால் நன்றாய் எரியும். ஆயினும் ஒரு மலையில் கவ்வாத்து முடிந்தால் மீண்டும் அங்கே கவ்வாத்து வரச் சில ஆண்டுகள் செல்லும். வசதியுள்ளவர்கள் காஸ் அடுப்பு வாங்கினார்கள். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் காஸ் சிலிண்டர் கண்ணில் படவே இல்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாயிற்று. அடுப்பு எரிந்தாக வேண்டுமே! லயத்துக்கு மேலே கானோரம் நின்ற டர்பன்டைன் மரங்கள் சில இரவோடிரவாகக் குறைந்தன. வெட்டியவர் யாரென்று எல்லாருக்கும் தெரியும். ஆதலால் ஒருவரும் கேட்கவில்லை. மரம் போனாலும் வேர் உடனே போய்விடுவதில்லை. சில ஆண்டுகள் மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்து, பின்னர் மெல்ல உக்கிப் போகும். அப்பொழுதுதான் மண் பிடி தளரும்.

2014 அக்டோபர் 29ஆம் நாள் காலையில் கொஸ்லாந்தை மீரியாபெத்தைத் தோட்டத்து லயங்களை மண் மூடியதை இந்நாடு மறந்திராது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். மலைநாடு பெரிதும் அடிபட்டது. அதன் பின்னர் ஒரு போயா நாளில் எம் சங்கம் கோயில் மண்டபத்தில் கூடியது. பேசவேண்டிய பொருள் ஒன்றே: லயத்தின் பின்னாலுள்ள கானைத் துப்புரவு செய்து கல் கட்டச் சங்கப் பணத்தில் கை வைக்கலாமா?

முதலில் எழுந்தவர் சங்கத்தின் மூத்த பெரியவர். "செத்தவனுக்குன்னு சேர்த்த காசு இது. இதை எடுத்துக் கான் கட்டலாமா, தம்பி? நாளைக்கு நான் போனா எனக்குப் பெட்டி எங்கே?" என்றார். சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வறுமையில் வாழ்ந்தவன் மானமாய்ப் போகவேண்டும் என்பதற்காக எழுந்த சங்கம் அது. அவர் கேள்வி சிரிக்கத்தக்கதன்று என்பதே எம் கருத்து.

கொழுந்து பறிக்கும் ஓர் அம்மாள் இருந்த இடத்திலிருந்தே மறுமொழி சொன்னார்: "பெரியப்பா, ஒவ்வொருத்தரா போனா பெட்டி வாங்கலாம். ஒரே ராத்திரியில எல்லாரும் போயிட்டா, காசை எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போறது யாரு?"

மண்டபம் சற்றே அமைதியாயிற்று. அப்பொழுது உயர்தரம் படிக்கும் ஒரு மாணவன் தன் கொப்பியுடன் எழுந்தான். மட்டமான அடியும் நேரான பக்கமும் உள்ள ஒரு போத்தலை வெளியில் வைத்து, அடிமட்டத்தால் அளந்து, நாள்தோறும் மழையைக் குறித்து வருகிறானாம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும், 100 ஆனால் புறப்பட ஆயத்தமாக வேண்டும், 150 ஆனால் வெளியேறிவிட வேண்டும் என்னும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகளை வாசித்தான். பின்பு ஒரு கணக்குச் சொன்னான். பத்து அறை லயத்தின் அறைகளுக்கு மேலுள்ள கூரை மட்டும் 1,200 சதுர அடி. அதன்மேல் 100 மில்லிமீற்றர் பெய்தால் 11,000 லீற்றருக்கும் அதிகமான தண்ணீர். "கூரைத் தண்ணி மட்டுமே இவ்வளவு, தாத்தா. மலைத் தண்ணியை நான் கணக்குப் பார்க்கல்ல" என்று பெரியவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். நிலத்தில் வெடிப்பு, மரம் சாய்தல், ஊற்று திடீரெனக் கலங்குதல் அல்லது நின்றுபோதல், கதவு நிலையில் இறுகுதல் ஆகிய அடையாளங்களையும் தாளில் எழுதி ஒட்டியிருக்கிறான். படிக்கும் பிள்ளைகள் ஊருக்கு என்ன செய்யலாம் என்று கேட்போர் அந்தப் போத்தலைப் போய்ப் பார்க்கலாம்.

முடிவு எளிதில் வரவில்லை. கானின் மேலே எஞ்சிய டர்பன்டைன் மரங்களை வெட்டினால் ஊற்று பெருகும் என்றார் ஒருவர். வெட்டினால் மலை இறங்கும் என்றார் மற்றவர். இரண்டிலும் உண்மை உண்டு. மரப் பேச்சைத் தள்ளி வைத்தார்கள். லயத்துக்குப் பின்னால் செங்குத்தாய் வெட்டிப் போட்டிருந்த மரக்கறிப் பாத்திகளை விட்டுவிடுமாறு கேட்டபொழுது இரண்டு குடும்பங்கள் முகம் சுளித்தன. அந்தப் பாத்தியின் லீக்ஸ்தான் பிள்ளையின் பஸ் காசு என்று ஒரு தாய் சொன்னதற்கு எவரிடமும் பதில் இல்லை. பாத்தி இன்னும் அங்கேயே இருக்கின்றது.

பணத்தைப் பொறுத்தவரை, பெரியவரே ஒரு வழி கண்டார். எடுப்பதைக் கடனாக எடுக்கவேண்டும். மாதச் சந்தாவுடன் குடும்பத்துக்கு ஐம்பது ரூபா சேர்த்துக் கட்டி அடைக்கவேண்டும். அடையும் முன் எவரேனும் இறந்தால் கான் வேலையை நிறுத்திவிட்டு முதலில் பெட்டி. இம்மூன்றையும் கூட்டக் குறிப்பேட்டில் தம் சொற்களிலேயே எழுதச் செய்து, கைந்நாட்டும் வைத்தார்.

அடுத்த ஞாயிறன்று சிரமதானம் தொடங்கியது. இருபதுக்கு மேற்பட்டோர் மண்வெட்டியுடன் வந்தனர். பிள்ளைகள் கல் சுமந்தார்கள். லயத்தை ஒட்டிய கீழ்ப்பாதி இரண்டு ஞாயிற்றில் முடிந்துவிட்டது. மேற்பாதி தேயிலைக்குள் கிடக்கிறது. நிர்வாகத்தின் அனுமதியின்றி அங்கே மண்வெட்டி வைக்க இயலாது. அனுமதி கேட்டு அந்த மாணவன்தான் கடிதம் எழுதினான். அனுப்புநர் முகவரி என்னும் இடத்தில் வீட்டிலக்கமும் இல்லை, வீதிப் பெயரும் இல்லை. லயத்தின் பெயரை எழுதி, தோட்டத்துக் காரியாலயத்தின் மேற்பார்வை என்று போட்டான். அனுமதி கேட்டதும் அதே காரியாலயத்திடந்தான். மறுமொழி வரும்வரை மேலிருந்து இறங்கும் மண்ணை மூன்று பேர் முறை வைத்துக் கீழ்க்கானிலிருந்து அள்ளிக்கொண்டிருக்கிறார்கள்.