எருதின் களைப்பும் கிணற்றின் ஊற்றும்

நீர் இறைக்கும் மோட்டார் ஒவ்வொன்றின் மேலும் சிறிய தகடு ஒன்று பதித்திருக்கும். அதில் மூன்று குதிரைத் திறன், ஐந்து குதிரைத் திறன், ஏழரைக் குதிரைத் திறன் என்று பொறித்திருப்பார்கள். குதிரையையே கண்டிராத சிற்றூரிலும் உழவர்கள் இக்கணக்கைத் தயக்கமின்றிச் சொல்வர். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவிப் பொறியைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட், தம் பொறியை வாங்க வந்தவர்களுக்கு அதன் வலிமையை விளக்க வேண்டியிருந்தது. அவர்கள் அறிந்த வலிமை குதிரையின் வலிமை. ஆகவே 33,000 பவுண்டு எடையை ஒரு நிமிடத்தில் ஓரடி உயரம் தூக்கும் ஆற்றலை ஒரு குதிரைக்கு உரியதென்று அவர் வகுத்தார். பொறி வந்து குதிரையை வெளியேற்றியது. குதிரையின் பெயர் மட்டும் பொறியின் நெற்றியில் நின்றுவிட்டது. அந்த அளவையில் குதிரையின் வலிமை அடங்கியிருக்கிறது. அதன் களைப்பு அடங்கவில்லை. நான் எழுத முற்படுவது அந்தக் களைப்பைப் பற்றித்தான்.

காங்கயத்தை அடுத்த சிற்றூர் ஒன்று என் பிறப்பிடம். ஆறும் ஏரியும் இல்லாத மேட்டு நிலம். பாறையைப் பிளந்து தோண்டிய கிணறுகளே அங்கு உயிர். பிற மாவட்டத்தார் கமலை என்பதை எங்கள் பக்கத்தில் கவலை என்போம். தலைநகரில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அச்சொல் மனத்துயரை மட்டுமே குறிக்கும் என்பதால் சற்று விரித்துரைக்கிறேன்.

கிணற்றின் விளிம்பிலிருந்து சரிவாக இறங்கும் ஒரு பாதை. அதற்கு வாரி என்று பெயர். கிணற்றுக்குள் தொங்குவது இரும்பாலான சால். அதன் அடியில் தோலால் தைத்த தும்பி, யானையின் துதிக்கையைப் போல நீண்டிருக்கும். சாலைத் தூக்குவது பருத்த வடம். தும்பியின் வாயைப் பிடித்திருப்பது மெல்லிய கயிறு. இரண்டும் எருதுகளின் நுகத்தில் இணையும். எருதுகள் வாரியில் இறங்க இறங்கச் சால் மேலே வரும். விளிம்பை எட்டியதும், நீளம் குறைந்த தும்பிக் கயிறு தும்பியின் வாயைத் தொட்டிக்குள் இழுக்க, நீர் தானே கொட்டும். கவிழ்க்க ஆள் வேண்டா. ஓட்டுபவர் வடத்தின் மேல் அமர்ந்து தம் எடையையும் எருதுகளுக்குத் துணையாகத் தருவார். பிறகு எருதுகள் பின்னோக்கியே நடந்து மேட்டுக்கு ஏறும். பின்னோக்கி ஏறுவது எந்த விலங்குக்கும் இயல்பன்று. அதை அவற்றுக்குப் பழக்குவதற்கு ஒரு பருவம் முழுதும் ஆகும் என்று எங்கள் ஐயன் சொல்வார்.

எங்கள் சால் நிறைந்தால் எட்டுக் குடம் நீர். விடியலுக்கு முன் பூட்டி வெயில் ஏறும்போது அவிழ்ப்போம். மாலை தாழ்ந்தபின் மீண்டும் பூட்டுவோம். இடையில் எருதுகள் புளிய மரத்து நிழலில் படுத்து அசைபோடும். அவை அசைபோடும் அந்த நேரத்தில்தான் கிணறு ஊறும். பாறை இடுக்கிலிருந்து ஊற்று கசிந்து, காலையில் இறங்கிய மட்டம் மெல்ல மெல்ல உயர்வதைக் கிணற்றுப் படியில் அமர்ந்து நான் பார்த்ததுண்டு. எத்தனைப் படி மறைந்தது என்று ஐயனிடம் சொல்வது என் வேலை. அதைக் கேட்டுத்தான் மாலையில் எத்தனைப் பாத்திக்குப் பாய்ச்சுவது என்று அவர் முடிவு செய்வார். எருது இளைப்பாறும் பொழுதே கிணறு இளைப்பாறும் பொழுதாகவும் இருந்தது. இதை யாரும் திட்டமிட்டு ஏற்படுத்தவில்லை. தசைக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை நீருக்கும் எல்லையாயிற்று.

இம்முறை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. தில்லிக்கு வந்தபின், பாபர் தம் நினைவுக் குறிப்புகளில் வடநாட்டு நீரிறைப்பை எழுதியிருப்பதைப் படித்து வியந்தேன். லாகூர், சர்ஹிந்த் பக்கங்களில் வாளிகள் கோத்த சக்கரத்தையும், ஆக்ரா, பயானா பக்கங்களில் எருது பூட்டித் தோற்பையால் இறைப்பதையும் அவர் கண்டிருக்கிறார். பின்னது அவருக்குப் பிடிக்கவில்லை. எருது திரும்பும்போது கயிறு சாணத்திலும் மூத்திரத்திலும் புரண்டு மறுபடி கிணற்றுக்குள் இறங்குகிறதே என்று முகம் சுளிக்கிறார். பேரரசர் சொன்னது உண்மைதான். எங்கள் கிணற்றுக் கயிறும் அப்படித்தான் புரண்டது. குடிநீருக்கு வேறு கிணறு வைத்திருந்தோம்.

பழமையைப் போற்றிப் பாட நான் வரவில்லை. நுகத்தடி அழுத்திப் புண்ணான எருதின் கழுத்தை நான் கண்டிருக்கிறேன். வேப்பெண்ணெய் தடவி மறுநாளும் பூட்டத்தான் செய்தோம். கவலை ஓட்டும் வீட்டில் ஒரு சிறுவனாவது பள்ளியை இழப்பான். வடத்தில் உட்காரவும் மடை திருப்பவும் ஆள் வேண்டுமே! பைக்காராவில் 1932-ல் தொடங்கிய நீர்மின் நிலையத்தின் ஆற்றல் கோவை வட்டாரத்தில் ஆலைகளுக்கும், பின் கிணறுகளுக்கும் பரவியது. அதற்கும் முன்னரே, சென்னைப் பொறியியற் கல்லூரியில் பேராசிரியராயிருந்த ஆல்பிரட் சாட்டர்டன், எண்ணெய் எஞ்சினால் இயங்கும் பம்புகளை உழவர்களிடையே பரப்ப முயன்றார். எங்கள் கிணற்றுக்கு மின்சாரம் 1961-ல் வந்தது. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. மோட்டார் ஓடத் தொடங்கியபின் வடத்தில் உட்கார என்னை அழைப்பாரில்லை. நான் உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும், தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்றதும், 1970-ல் மத்திய அரசுப் பணியேற்று இத்தலைநகருக்கு வந்ததும் அந்த ஐந்து குதிரைகளின் புண்ணியம். இந்தக் கடனை மறந்துவிட்டுப் பொறியைப் பழிப்பது நன்றியாகாது.

ஆயினும் கிணற்றில் நிகழ்ந்ததைச் சொல்லாமலும் இருக்க முடியாது. ஒரு சோடி எருதுகள் காலை முழுதும் இறைத்த நீரை மோட்டார் ஒரு மணி நேரத்துக்குள் இறைத்துத் தள்ளிற்று. மீதிப் பொழுதில் அது அசைபோடவில்லை. விசையை அழுத்தினால் நண்பகலிலும் ஓடும், நள்ளிரவிலும் ஓடும். முதலில் சோளமும் கம்பும் விளைந்த காட்டில் மஞ்சளும் கரும்பும் நட்டார்கள். கையில் பணம் புழங்கியது. ஓட்டு வீடு கட்டினோம். தங்கையின் திருமணம் கடனில்லாமல் நடந்தது. பத்தாண்டு கழிந்ததும் கிணற்றை வெடிவைத்து ஆழப்படுத்தினார்கள். பிறகு கிணற்றின் அடியிலேயே பக்கத் துளை போட்டார்கள். பிறகு திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்தது. இந்தியாவின் மூலை முடுக்கெல்லாம் சென்று துளையிடும் அந்த வண்டிகள் நம் தமிழரின் தொழில் திறத்துக்குச் சான்று. அதில் எனக்குப் பெருமையே. ஆனால் எங்கள் நிலத்தின் அடியில் கிடப்பது கடினப் பாறை. அதில் நீர் வெடிப்புகளில் மட்டுமே நிற்கும். முந்நூறு அடியில் கிடைத்தது ஐந்நூறுக்குப் போயிற்று. இன்று ஆயிரத்தைத் தாண்டியும் புழுதி பறக்கிறது. நான் படி எண்ணிய கிணறு இப்போது ஆழ்துளையிலிருந்து வரும் நீரைத் தேக்கி வைக்கும் தொட்டியாக இருக்கிறது. அதில் தானாக ஊறும் நீர் இல்லை.

எருது களைத்தால் உழவன் அறிவான். மூச்சிரைக்கும், நுரை தள்ளும், வாரியில் நின்றுவிடும். கிணறு களைத்தால் அதைச் சொல்ல எருதைத் தவிர வேறு நா இல்லை போலும். சாலுக்கு நீர் குறைந்தால் வடம் தளரும்; இழுக்கும் எருதுக்கு அது முதலில் தெரியும், அதன் நடை மாறும், ஓட்டுபவர் எட்டிப் பார்ப்பார். ஆழத்துக்குள் மூழ்கி ஓடும் மோட்டாருக்கும் அதன் உடையவனுக்கும் இடையே அத்தகைய செய்தி எதுவும் போவதில்லை. நீர் நின்று, மோட்டார் கருகியபின்பே தெரிகிறது.

மின்சாரத்தின் விலையாவது ஓர் எல்லையாக இருந்திருக்கலாம். அந்தக் கதை வேறு. அதில் குருதியும் கலந்திருக்கிறது. மின் கட்டண உயர்வை எதிர்த்து உழவர்கள் கிளர்ந்தபோது, 1970 சூன் மாதம் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூவர் மாண்டனர். நான் தில்லிக்கு வந்த ஆண்டு அது. 1972-ல் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் ஆயிரக்கணக்கான மாட்டு வண்டிகள் கோவை நகருக்குள் வந்து சாலைகளை அடைத்து நின்றன. சூலூர்ப் பக்கத்து என் தாய்மாமனும் தம் வண்டியைப் பூட்டிக்கொண்டு போனார். மோட்டாருக்காக நடந்த போரில் எருதுகளே படையாக நின்றன! அவற்றைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருக்குமோ. 1984-ல் சிறு உழவர்க்கும், அடுத்த சில ஆண்டுகளில் உழவர் எல்லோர்க்கும் தமிழ்நாட்டில் மின்சாரம் கட்டணமின்றிக் கிடைத்தது. கடனில் மூழ்கியவர்களுக்கு அது பெரிய ஆறுதல் என்பதை நான் மறுக்கமாட்டேன். நிலத்தடி நீருக்கு இருந்த கடைசிக் கணக்கும் அத்துடன் அழிந்தது என்பதையும் மறைக்கமாட்டேன்.

கிணற்றோடு போனது கிணறு மட்டுமன்று. எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கொறங்காடு என்று ஒரு மேய்ச்சல் நிலம் இருக்கும். சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். ஆங்காங்கே வெள்வேல மரங்கள். படலைத் திறந்து மாட்டை விட்டுவிட்டால் மேய்ப்பவர் வேண்டியதில்லை. கோடையில் புல் காய்ந்தாலும் வெள்வேலங்காய் உதிர்ந்து தீனியாகும். காங்கயம் மாடு வளர்ந்தது இந்த வேலிக்குள்ளேதான். அதன் கன்று பிறக்கும்போது செந்நிறமாயிருக்கும். ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். காளையாய் வளர்ந்தால் திமிலிலும் தோளிலும் கருமை படரும். குறைந்த தீனியும் கடும் வெயிலும் தாங்கும் இம்மாட்டைக் கவலைக்கும் வண்டிக்கும் ஏருக்குமென்றே நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்தனர். கவலை நின்றது, வண்டியின் இடத்தில் லாரியும் ஏரின் இடத்தில் டிராக்டரும் வந்தன. வேலையற்ற எருதுக்குப் புல் எதற்கு? புல் வேண்டாவெனில் கொறங்காடு எதற்கு? வேலி சரிந்த இடங்களில் வீட்டு மனைக் கற்கள் நடப்பட்டன.

வடக்கேயும் இதே கதைதான். 2002-ல் விண்ணுக்கு அனுப்பப்பட்ட கிரேஸ் என்னும் இரட்டைத் துணைக்கோள்கள், புவியீர்ப்பின் நுண்ணிய மாற்றங்களைக் கொண்டு மண்ணுக்கடியிலுள்ள நீரை எடைபோட்டன. பஞ்சாப், அரியானா, இராசத்தான், தில்லிப் பகுதிகளில் 2002-க்கும் 2008-க்கும் இடையில் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் குறைந்ததாக 2009-ல் அறிஞர்கள் வெளியிட்டனர். எருதின் நடையில் தெரிந்த செய்தியை அறிய இப்போது வானத்திலிருந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அறிவு வளர்ந்துள்ளது, ஐயமில்லை. அந்த அறிவு ஒருவர் கிணற்றுக்கு வந்து சேரும் வழிதான் நீண்டுவிட்டது.

இவற்றையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தின் கொறங்காடு நான்கு ஏக்கர், இன்னும் பிரிவினையாகாமல் கிடக்கிறது. அதை விற்று, மேலும் இரண்டு ஆழ்துளை போட வேண்டும் என்று தம்பி கேட்கிறான். தென்னைகள் காய்கின்றன, அவன் கவலை பொய்யன்று. என் கையெழுத்து வேண்டும். நான் தொலைபேசியில் தயங்கியபோது அவன் சொன்னான்: “நீங்க தில்லியில குழாயத் திருப்புனா தண்ணி வருதுங்கண்ணா. அது எந்த ஊரு ஆத்துத் தண்ணீன்னு ஒரு நாளாவது விசாரிச்சீங்களா?”

கேள்வி தைத்தது. விசாரித்தேன். யமுனையோடு கங்கையும் பக்ரா அணை நீரும் தில்லிக் குழாயில் வருகின்றன. கங்கை நீரைத் தேக்கும் தேஹ்ரி அணையில் பழைய தேஹ்ரி நகரமே மூழ்கிப்போயிற்று. ஆழ்துளைக்குப் பணம் தர மறுக்கும் தகுதி குழாயடியில் நிற்கும் எனக்கு உண்டா என்று சில நாள் உறங்காமல் எண்ணினேன். தகுதி இருக்கிறதோ இல்லையோ, பங்கு இருக்கிறது. என் பங்கு இரண்டு ஏக்கரை விற்கச் சம்மதமில்லை என்றும், ஆழ்துளைக்கு ஆகும் செலவில் பாதியை நான் தருகிறேன், அதில் தென்னைக்குச் சொட்டுநீர்க் குழாய் போடு என்றும் எழுதினேன். “புல்லு கெடக்குதுங்கண்ணா, மேயறதுக்கு மாடு வேணுமில்லீங்களா?” என்று மறுபடி கேட்டான். சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் மாட்டுச் சந்தைக்குப் போய் இரண்டு கிடாரி பார்த்து வா என்றேன்.

ஒன்று போதும் என்கிறான். இரண்டுக்குத் தண்ணீர் காட்ட முடியாதாம். பேச்சு இப்போது அந்த அளவில் நிற்கிறது.